பதிவேட்டைப் படித்த நடுவர்

ஒரு மாணவரின் ஆய்வுப் பதிவேட்டுக்கு மதிப்பெண் போடப் பெயின்ட்காரருக்கு நாலு விநாடி போதும். முதல் விநாடியில் அதைக் கையில் எடுப்பார். இரண்டாவதில் லேசாக மேலும் கீழும் ஆட்டிக் கனம் பார்ப்பார். மூன்றாவதில் நடுவாக்கில் விரித்து, மசியின் நிறம் ஓரிடத்திலாவது மாறியிருக்கிறதா என்று நோட்டம் விடுவார். மாறியிருந்தால் பல நாள் உட்கார்ந்து எழுதியது என்று அர்த்தம். நாலாவது விநாடியில் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" வந்துவிட்டால் பதினைந்துக்குப் பதினாலு.

பதினாறு வருஷமாகச் சர்வதேச மாணவர் அறிவியல் போட்டிக்கு அவர் நடுவர். பிழைப்பு என்னவோ ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில். அங்கே அவர் வேறு ஆள். ஒரு டப்பா பெயின்ட் காய ஐந்து நிமிஷம் கூடுதலாக எடுத்தால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். ஆனால் கழுத்தில் "நடுவர்" என்று எழுதிய நீல நாடாவை மாட்டிவிட்டால் போதும், மனுஷன் தாராளப் பிரபு ஆகிவிடுவார்.

பெயின்ட்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போட்டியின் லட்சணமே அப்படி. ஒரு அரங்குக்குப் பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் மாணவர் பேச்சைக் கேட்க வேண்டும், பலகையைப் பார்க்க வேண்டும், நாலு கேள்வி கேட்க வேண்டும், இருநூறு பக்கப் பதிவேட்டைப் "பக்கம் பக்கமாகப் பரிசீலிக்க" வேண்டும். அந்த மேற்கோளும் விதிப்புத்தகத்தில் இருப்பதுதான். விதிப்புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதையும் யாரும் பரிசீலித்ததாகத் தகவல் இல்லை.

பாதுகாப்பு விதிகள் என்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. அரங்குக்குள் தண்ணீர் கூடாது. மண் கூடாது. செடி, விதை, பூச்சி, கண்ணாடி, உணவுப் பொருள் எதுவும் கூடாது. இருபத்திரண்டு நாட்டிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். குடிநீரை ஆராய்ந்தவன் தண்ணீரின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு நின்றான். பாசியை ஆராய்ந்தவள் பச்சைத் துணியைக் கத்தரித்து ஒட்டியிருந்தாள். மண்புழுக்காரனின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம், பாவம், விரலை நெளித்து நெளித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் பெயின்ட்காரருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அடுத்த வருஷ இறுதிச்சுற்று கடல் கடந்த ஒரு ஊரில். இங்கிருந்து ஒரே ஒருவரைத் தலைமை நடுவராக விமானத்தில் அனுப்புவார்கள். இப்போதைய தலைமை நடுவரான பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அவர் யாரைக் கை காட்டுகிறாரோ அவர்தான் போவார். பெயின்ட்காரர் இதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. வெளிநாட்டில் குடியிருக்கும் மச்சான் ஒருவர் வாரம் தவறாமல் போன் செய்து, "என்ன மாப்பிள்ளை, இன்னும் அந்தப் பெயின்ட் டப்பாவையே கட்டிக்கிட்டு அழறீங்களா?" என்று கேட்பது வழக்கம். பெயின்ட்காரரின் மனைவி போன வாரமே அண்ணனிடம் சொல்லிவிட்டாள், "அடுத்த வருஷம் இவர் தலைமை நடுவராப் போறார், தெரியும்ல?" என்று. பாஸ்போர்ட்டுக்குப் படமும் எடுத்தாயிற்று. ஆக, இனிப் போகாமல் இருந்தால் வீட்டில் தலை நிமிர முடியாது.

அதனால் அன்று காலை அவர் எல்லாரிடமும் கூடுதலாகச் சிரித்தார். எட்டு நடுவர்கள் கொண்ட குழு அவருடையது. பேராசிரியரும் அதில் ஒருவர். பச்சை மசியில் மட்டுமே கையெழுத்துப் போடுவார் என்பதால் அவருக்குப் 'பச்சை மசி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்.

பத்து மணிக்குப் பெயின்ட்காரர் முந்நூற்றுப் பதினேழாம் அரங்குக்கு வந்தார். இந்தப் போட்டியில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். முந்நூற்றுப் பதினேழு உள்ளூர்ப் பெண், பதினேழு வயது, ஒல்லி, மூக்கில் நழுவும் கண்ணாடி. பலகையின் உச்சியில் தலைப்பு: "மதிப்பீட்டுச் செயல்முறைகளில் ஆவணத் தடிமனின் பங்கு: ஒரு கள ஆய்வு." இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் யாருக்கும் கொட்டாவிதான் வரும். முதல் இரண்டு சுற்றிலும் நடுவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு மதிப்பெண்ணைப் போட்டுத் தள்ளியிருந்தார்கள்.

பெயின்ட்காரரும் பதிவேட்டை எடுத்தார், ஆட்டினார், விரித்தார். "ம்ம்" வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் பலகையில் ஒரு கட்டத்துக்குள் இருந்த வரி கண்ணில் பட்டது.

"'இந்தப் பதிவேடு என்னை வரிக்கு வரி படிக்க வைத்தது. வாழ்க!' (நடுவர் 23)."

அது அவருடைய வாசகம். ஒவ்வொரு வருஷமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கருத்துச் சீட்டில் அவர் எழுதுவது அதுதான். 'வாழ்க'வுக்குப் பிறகு ஆச்சரியக்குறி உட்பட. தன் எழுத்தைப் பலகையில் பார்த்ததும் முதலில் உச்சி குளிர்ந்தது. பிறகு பக்கத்தில் இருந்ததைப் படித்தார்.

விஷயம் இதுதான். போன வருஷம் இந்தப் பெண் சோப்பு நுரையைப் பற்றி ஒரு ஆய்வுடன் மூன்று சுற்றிலும் கலந்துகொண்டிருக்கிறாள். ஆய்வு ஒன்றேதான், பதிவேடு மட்டும் சுற்றுக்குச் சுற்று பருத்தது. முதல் சுற்றில் நாற்பது பக்கம். இரண்டாவதில் தொண்ணூறு. இறுதிச்சுற்றில் இருநூறு. கூடுதல் பக்கங்களில் அவள் வீட்டுப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி வைத்திருந்தாள். அதுவும் தீர்ந்தபிறகு பதினாறாம் வாய்ப்பாடு. மதிப்பெண் சராசரி ஏழிலிருந்து பதினொன்றாகி, பதினாலைத் தொட்டது. மூன்று பதிவேட்டிலும் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: "இதைப் படிக்கும் நடுவர் தயவுசெய்து ஓரத்தில் ஒரு டிக் போடவும்." மொத்தம் நாற்பத்தோரு நடுவர்கள். விழுந்த டிக், சைபர்.

"சார், ஆரம்பிக்கட்டுமா சார்?" என்றாள் பெண்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் பெயின்ட்காரர். நடுவர் அறையை நோக்கி நடந்தார். அதை நடை என்று சொல்வது மரியாதைக்காகத்தான்.

பத்து நிமிஷத்தில் எட்டு நடுவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, பேயறைந்த மாதிரி திரும்பி வந்திருந்தார்கள். அவரவர் எண்ணை அவரவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள், ஆனால் வாய் திறந்து சொல்ல யாருக்கும் மனசில்லை.

"இது அறிவியலே இல்லைங்க," என்றார் ஒருவர், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். "திமிர்."

"திமிருக்கு விதி இருக்கா?" என்றார் பச்சை மசி. "விதியைப் பாருங்க. விதி இல்லாம நாம எதையும் செய்யக் கூடாது."

பதினாறு வருஷத்தில் முதல்முறையாக விதிப்புத்தகம் பக்கம் பக்கமாகப் புரட்டப்பட்டது. பலகை உயரம் சரியாக இருந்தது. மேசை அகலம் சரியாக இருந்தது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் விலங்கியல்காரர் துள்ளிக் குதித்தார். மனிதர்களை வைத்து ஆய்வு செய்தால் அவர்கள் ஒவ்வொருவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், இல்லையென்றால் ஆய்வு ரத்து.

"மாட்டினா!" என்றார் அவர். "நாம மனுஷங்கதானே?"

யாரும் மறுக்கவில்லை. பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் ஒரு கோப்போடு வந்து நின்றாள்.

"ஏம்மா," என்றார் பச்சை மசி, குரலில் பாகு ஒழுக, "நீ ஆய்வு பண்ணது மனுஷங்களை. அவங்ககிட்ட சம்மதம் வாங்கினியா?"

"வாங்கினேன் சார்."

"யார்கிட்ட?"

"நாற்பத்தோரு பேர்கிட்டயும் சார்." கோப்பைத் திறந்து மேசைமேல் வைத்தாள். நாற்பத்தோரு தாள். ஒவ்வொன்றின் முதல் வரியும் கொட்டை எழுத்தில்: "நான் இந்த மாணவியின் ஆய்வில் ஆய்வுக்கு உட்படும் நபராகப் பங்கேற்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." அடியில் கையெழுத்து. மேலாக இருந்த தாளில் கையெழுத்து பச்சை மசியில் இருந்தது.

பச்சை மசி அந்தத் தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது... வருகைச் சீட்டு இல்லையா?" என்றார் பச்சை மசி.

"இல்லைங்க சார். வருகைச் சீட்டுக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். படிச்சுட்டுப் போடுங்க சார்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். டைம் இல்லைம்மா, எங்க போடணும்னு மட்டும் காட்டுன்னாங்க. காட்டினேன்."

சொன்ன விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் எல்லாருக்கும் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளை அனுப்பிவிட்டு மறுபடி கதவைச் சாத்தினார்கள்.

பச்சை மசி சும்மா முப்பது வருஷம் பதவியில் இருக்கவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு வழி சொன்னார். "குறைச்சுப் போட்டா பழி வாங்கினோம்பாங்க. அதனால எல்லாரும் முழு மார்க் போடுங்க. பதினஞ்சுக்குப் பதினஞ்சு. நம்மளைக் குத்தினவளையே தட்டிக் கொடுத்துட்டாங்கன்னு பேரு நமக்கு. ஆனா ஒண்ணு. இந்த வருஷப் பதிவேட்டுலயும் எங்கயாவது டிக் போடச் சொல்லி எழுதி வச்சிருப்பா. அதை விட்டுட்டா அடுத்த வருஷமும் நம்ம மானம் கப்பலேறும். யாராவது ஒருத்தர் முழுசாப் படிச்சு அது எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மத்தவங்க போய் டிக் போட்டுட்டு வந்துடலாம்."

எட்டுப் பேர் படிக்க வேண்டியதை ஒருவர் படித்தால் போதும் என்ற இந்த ஏற்பாடு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. எல்லார் பார்வையும் பெயின்ட்காரர் மேல் விழுந்தது.

"நீங்களே படிச்சுடுங்க," என்றார் பச்சை மசி, தோளில் கை வைத்து. "அடுத்த வருஷம் எப்படியும் நீங்கதானே போகப் போறீங்க. இதை முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா சாயங்காலமே பேரை அனுப்பிடறேன்."

பெயின்ட்காரருக்கு விமானம் வீட்டு வாசலிலேயே வந்து நின்ற மாதிரி இருந்தது.

மதியம் பன்னிரண்டுக்கு முந்நூற்றுப் பதினேழாம் அரங்கின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண் எழுந்து ஓரமாக நின்றாள். நடுவர் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. பெயின்ட்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.

முதல் இருபது பக்கம் டிக்கைத் தேடித்தான் படித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓரங்களைத் துழாவினார். ஆனால் தேடும்போது எழுத்தும் கண்ணில் விழத்தானே செய்யும். ஒவ்வொரு நடுவரும் பதிவேட்டை எத்தனை விநாடி கையில் வைத்திருந்தார் என்று எழுதியிருந்தாள். எந்தக் கையால் எடுத்தார், எத்தனை இடத்தில் விரித்தார், அப்போது பசி நேரமா, பக்கத்தில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தார்களா, எல்லாம் இருந்தது. நடுவர் 23: நாலு விநாடி, வலது கை, ஒரு இடம், "ம்ம்". படிக்கும்போது பெயின்ட்காரருக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் அவருக்குள் இருந்த சோதனைக்கூடத்து ஆள் மெல்ல எழுந்து உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு சுத்தமாகக் குறித்திருக்கிறாள்! அவர் கம்பெனியில் சம்பளம் வாங்கும் எவனும் இப்படிக் குறிப்பதில்லை.

நாற்பது பக்கத்துக்கு மேல் டிக் அவருக்கு மறந்தே போயிற்று. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், கையை மட்டும் ஆட்டினார். எழுபத்தெட்டாம் பக்கத்தில் நிமிர்ந்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார். ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். பிறகு கடைசிப் பக்கம்வரை விறுவிறுவென்று ஆனால் ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். டிக் போடச் சொல்லி எங்கேயும் இல்லை. மணி இரண்டரை.

"இங்க வாம்மா," என்றார். "முதல் சுற்றுல மெலிசான புத்தகம் வச்சே. கடைசிச் சுற்றுல தடிச்ச புத்தகம். மார்க் ஏறிச்சு. தடிமனாலதான் ஏறிச்சுன்னு எழுபத்தெட்டாம் பக்கத்துல எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"முதல் சுற்றுல மத்த பிள்ளைங்களுக்குப் பதிவேட்டு மார்க் எவ்வளவு விழுந்துச்சு?"

"அதை நான் குறிச்சு வைக்கலை சார்," என்றாள் பெண்.

"முதல் சுற்று நடுவருங்க எல்லாருக்குமே கஞ்சத்தனமாத்தான் போடுவாங்க. இறுதிச்சுற்றுல நாங்க எல்லாருக்குமே வாரி விடுவோம். உன் புத்தகம் மெலிசாவே இருந்திருந்தாலும் கடைசியில பதினாலு விழுந்திருக்கலாம். ஒரு பெயின்ட்டை வெயில்லயும் இன்னொண்ணை நிழல்லயும் காய வச்சுட்டு, இது சீக்கிரம் காயுதுன்னு நான் சொன்னா என்னைத் தொழிற்சாலையை விட்டுத் துரத்திடுவாங்க. ஒரே சுற்றுல பாதிப் பேருக்கு மெலிசு, பாதிப் பேருக்குத் தடிசு காட்டியிருக்கணும்."

பெண்ணின் முகம் சிறுத்துப்போனது. பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு வருஷம் சார்," என்றாள்.

"டிக் விஷயம் நிக்கும். அதை யாராலயும் அசைக்க முடியாது. நாற்பத்தோரு பேர்ல ஒருத்தரும் படிக்கலை, அவ்வளவுதான். தடிமன் முடிவுதான் நிக்காது." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்துமூணு நான்தான்."

"தெரியும் சார். ஃபார்ம்ல உங்க பேரு இருக்கே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தராவது போட்டிருந்தா இந்த ஆய்வே வேண்டாம்னு விட்டிருப்பேன் சார். வரிக்கு வரி படிச்சேன்னு எழுதியிருந்தீங்க. ஓடிப் போய் முப்பத்தோராம் பக்கத்தைத்தான் திறந்து பார்த்தேன்."

பெயின்ட்காரருக்கு எங்கேயாவது போய் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. பதினாறு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை அப்படி வாழ்த்தியிருப்பார்! அவள் அதற்குள் பேனாவை எடுத்து அவர் சொன்னதைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தாள். எழுதிவிட்டு நிமிர்ந்து, "ஒரே சுற்றுல பாதிப் பாதின்னா, யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடணுமா சார்?" என்று கேட்டாள். இருவரும் இன்னும் அரை மணி பேசினார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு பெயின்ட்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது.

நடுவர் அறைக்குப் போய், டிக் பக்கம் எதுவும் இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று ஆளாளுக்குப் போய்ப் பதிவேட்டைச் சரசரவென்று புரட்டினார்கள். விலங்கியல்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று பத்துப் பக்கத்துக்கு ஒன்று வீதம் டிக் போட்டுவிட்டு வந்தார். பச்சை மசி முப்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று ஒன்றில் முடியும் பக்கம் எல்லாவற்றிலும் பச்சையில் டிக் அடித்தார். அத்தனை புரட்டலிலும் எழுபத்தெட்டாம் பக்கத்தில் யாருடைய கண்ணும் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. கடைசியாக ஏழு பேரும் பதினைந்துக்குப் பதினைந்து போட்டார்கள்.

நாலரை மணிக்குப் பெயின்ட்காரர் மதிப்பெண் பதியும் அறைக்குப் போனார். கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் அவர் சீட்டை வாங்கிப் பார்த்தாள். தகவல் சேகரித்ததற்கு ஐந்துக்கு ஐந்து. ஆய்வு முறைக்கு மூன்று. முடிவுக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது. கூடவே, காரணங்களை எழுதிய இரண்டு தாள்.

"சார், ஒன்பதா?" என்றாள் அம்மாள். "மத்தவங்க எல்லாரும் பதினஞ்சு. திரை சிவப்புக் காட்டுது பாருங்க. விலகல் விதி."

விலகல் விதி அவருக்குத் தெரியாததல்ல. மற்றவர்களின் சராசரியிலிருந்து ஐந்துக்கு மேல் விலகிய மதிப்பெண் பதிவேட்டைப் படிக்காமல் கவனக்குறைவாகப் போட்டதாகக் கருதப்படும். அது கணக்கில் சேராது, போட்டவர் அடுத்த வருஷம் நடுவர் பட்டியலில் இருக்க மாட்டார். நாலு வருஷத்துக்கு முன் அதைக் கொண்டுவந்ததே பெயின்ட்காரர்தான். அப்போது ஒரு கணக்கு டீச்சர் நடுவராக இருந்தார். எல்லாரும் பதினாலு போடும் இடத்தில் ஏழு போடுவார், எட்டுப் போடுவார், ஒவ்வொரு அரங்கிலும் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு நேரத்தைத் தின்பார். அந்த டீச்சரைக் கழற்றிவிடத்தான் இந்த விதி. கழற்றியும் விட்டாயிற்று. எதற்காக நாற்காலி கேட்டார் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது பெயின்ட்காரருக்குத் தோன்றியது.

"பத்துன்னு மாத்திடுங்க சார்," என்றாள் கணினி அம்மாள். "வித்தியாசம் அஞ்சுதான் வரும். சிவப்பு போயிடும். உங்க பேரு லிஸ்ட்டுல முதல்ல இருக்கு, எதுக்கு வம்பு? ஒரே ஒரு மார்க்."

ஒரே ஒரு மார்க்தான். முடிவுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு. மனைவியின் முகம் வந்தது, மச்சானின் சிரிப்பு போனில் கேட்டது. பேனாவை எடுத்துவிட்டார். ஆனால் எங்கே எதற்காக அந்த ஒன்றைக் கூட்டுவது? வெயிலில் காய்ந்த பெயின்ட்டுக்கா? அவர் சோதனைக்கூடத்தில் ஒரு மேலாளர் இப்படி ஒரே ஒரு புள்ளி கூட்டச் சொன்னபோது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்றவர் அவர்.

"ஒன்பதுதாம்மா," என்றார். "அப்படியே போடுங்க."

"உங்க இஷ்டம்," என்றாள் அம்மாள். இரண்டு தாள் காரணத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குக் கணினியில் இடம் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஐந்தரை மணிக்குப் பரிசளிப்பு. முந்நூற்றுப் பதினேழுக்கு முதல் பரிசு. பதிவேட்டுக்கு முழு மதிப்பெண், போட்டியின் வரலாற்றிலேயே முதல்முறை. பச்சை மசி ஒலிபெருக்கியில், "எங்களை நாங்களே கண்ணாடியில் பார்க்க வைத்த மாணவி!" என்று தழுதழுத்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தலைமை நடுவராக விலங்கியல்காரர் பெயர் அறிவிக்கப்பட்டது. பெண் கோப்பையை வாங்கிக்கொண்டு, திருடிய சாமானைப் பிடித்திருப்பவள் மாதிரி மேடையில் நின்றாள்.

கூட்டம் கலைந்தபோது பெயின்ட்காரர் கையில் ஒரு கடிதம் இருந்தது. கணினி தானாக அடித்த கடிதம். அடியில் குழு உறுப்பினர் ஏழு பேரின் கையெழுத்து, ஒன்று பச்சையில். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று வாசல் படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். பெண் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், தப்பான முடிவுக்கு முதல் பரிசு குடுத்துட்டாங்க சார். ஒருத்தரும் அந்தப் பக்கத்தைப் பத்திக் கேக்கலை. டிக்கா போட்டு வச்சிருக்காங்க. அடுத்த வருஷம் சரியாப் பண்ணி எடுத்துட்டு வரேன் சார். பாதிப் பாதியா, சீட்டுக் குலுக்கி. நீங்கதானே பார்ப்பீங்க?"

பெயின்ட்காரர் கடிதத்தை நீட்டினார். அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, தேதியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை படித்தாள். "பதிவேட்டைக் கவனமாகப் படிக்கத் தவறியமையால் தாங்கள் நடுவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்."

மறுபடி ஒருமுறை படித்தாள்.

"அப்போ என் புத்தகத்தை இனிமே யாரு சார் படிப்பாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலையேம்மா," என்றார் பெயின்ட்காரர்.